கூட்டல் குறியாய் நின்ற திருகாணிகள்

அக்டோபர் பதினொன்றாம் நாள், சனிக்கிழமை. காலையில் வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. பிற்பகலில் ஒரு தூறல் விழுந்தது; கொடியில் கிடந்த துணிகளை அள்ளி வந்து உள்ளே போட்ட பிறகு, 'இதற்காகவா ஓடினோம்' என்று எண்ணவைக்கும் அளவே பெய்து நின்றுவிட்டது.

திருகாணியைக் கோணலாக விட்டுச் செல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை என்பதை முதற்கண் தெரிவித்துவிடுகிறேன். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் ஓய்வு பெறும் வரை மின்பணியாளராக இருந்தேன். அக்கட்டடத்தின் எந்த மாடிக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். நான் பொருத்திய மின்விசைப் பலகைகளில் திருகாணித் தலையின் பிளவு செங்குத்தாக நிற்கும். நட்சத்திரத் தலையுடைய திருகாணியாயின் கூட்டல் குறிபோல் நிற்கும். பெருக்கல் குறிபோல் சாய்ந்திராது. நேராக நிற்கும் பிளவில் தூசி தங்காது என்று தொழிலில் ஒரு காரணம் சொல்வார்கள். எனக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. இந்த ஒழுக்கத்தினாலேயே நான் அகப்பட்டுக்கொண்டேன் என்பது பின்னர் விளங்கும். சற்றே ஒழுக்கமற்றவனாய் இருந்திருந்தால் இன்றளவும் நல்லவனாகவே இருந்திருப்பேன்.

நீங்கள் கேட்டது கணினியைப் பற்றி. அங்கேதான் வருகிறேன்.

வீட்டில் நாங்கள் இருவர்: நானும் என் தங்கையும். இரண்டாம் மாடி, இரண்டு அறைகள், ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு சன்னல். பெற்றோர் காலமான பின் அவளை நான் பார்த்துக்கொண்டேன். சமையல், துவையல், கடைக்குச் சென்று வருதல் ஆகியவற்றை அவள் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. திருமணம் ஆகவில்லை. தங்கைக்கு முடியாமல் தமையன் செய்துகொள்வது முறையன்று என்பதால் நானும் செய்துகொள்ளவில்லை. தங்கைக்காகத் தன் வாழ்க்கையையே விட்டவர் என்று கீழ்வீட்டார் என்னைப் பற்றிச் சொல்வதுண்டு. நான் மறுத்ததில்லை. பிறருடைய நல்லெண்ணத்தில் குறுக்கிடுவது நாகரிகமன்று.

ஓய்வு பெற்றதும் மாலை வகுப்பில் சேர்ந்து கணினி கற்றேன். அங்கே என்னுடன் படித்தவர்கள் எல்லாரும் மீசை முளைக்கத் தொடங்கியவர்கள். அவர்கள் தேர்வுக்காகப் படித்தார்கள். நான் அறிவதற்காகப் படித்தேன். ஆகவே கடைத்தெருவினர் 'சிடி டிரைவ்' என்பதை நான் ஒளிவட்டு இயக்கி என்றும், 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதை இயங்குதளம் என்றும் சொல்வேன். சொல்வதோடு நில்லாமல், ஒன்றை மற்றொன்று எவ்வாறு கண்டறிகிறது என்பதையும் அறிவேன். வட்டு இயக்கி என்பது கணினிப் பெட்டிக்குள் திருகி வைக்கப்பட்ட ஒரு தகரப் பெட்டி. அதற்கு இரண்டு வடங்கள்: ஒன்று மின்சாரம் தருவது, மற்றொன்று செய்தி கொண்டுசெல்வது. இரண்டாவது வடம் ஒரு நூலளவு வெளியே வந்துவிட்டாலும், இயக்கியின் தட்டு நன்றாகவே திறந்து மூடும், விளக்கும் எரியும், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே இயங்குதளத்துக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் அறியாதிருப்பது பெட்டிக்குள்ளும் நடக்கிறது.

சென்ற ஆண்டின் இறுதியில் தங்கைக்குத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. அதில் எட்டு வட்டுகள் இருந்தன. காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் ஒரு பள்ளி, சைகைமொழியை வீட்டிலிருந்தே கற்பதற்காக அனுப்பிய பாடங்கள் அவை. எட்டையும் பார்த்துப் பயின்று, அக்டோபரில் நேரில் சென்று தேர்வில் கலந்துகொள்ள வேண்டும். தேறியவர்களுக்கு அப்பள்ளியிலேயே வேலை. தங்குவதற்கு அறையும் உண்டு. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை எடுப்பதில்லை. அவளுக்கு இது முதல் வாய்ப்பு; இதுவே கடைசி வாய்ப்பும்.

இவற்றையெல்லாம் அவள் எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். தங்குவதற்கு அறை உண்டு என்பதைச் சொல்லும்போது மட்டும் கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நல்லது, படி என்றேன். நான் படிப்புக்கு எதிரி அல்லேன்.

முதல் வட்டைப் பார்த்த நாள்முதல் வீட்டில் ஓர் அமைதி ஏற்பட்டது. அவள் கைகளால் பேசிப் பழகினாள். சமையலறைச் சன்னலின் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டு விரல்களை மடக்குவாள், விரிப்பாள், நெஞ்சைத் தொடுவாள், காற்றில் எதையோ உருட்டுவாள். ஒருநாள் அப்படி இரு கைகளையும் உயர்த்தி என்னவோ செய்தவளிடம், இது என்ன என்று கேட்டேன்.

"பால் பொங்குதுன்னு சொன்னேண்ணா."

பால் உண்மையாகவே பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அதை வாயால் சொல்லியிருந்தால் பாலையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றேன். இருவரும் சிரித்தோம். நான் எப்போதும் கடுமையானவனாக இருந்ததில்லை என்பதைக் காட்டவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அவள் இரண்டாம் வட்டை முடித்து மூன்றாம் வட்டைத் தொடங்கிய வாரம், இயக்கி கண்டறியப்படவில்லை.

அவள் குளிக்கச் சென்றிருந்தபோது கணினிப் பெட்டியின் பின்பக்கத் திருகாணிகள் நான்கையும் கழற்றி, செய்தி வடத்தை ஒரு நூலளவு வெளியே இழுத்துவிட்டு, திருகாணிகளை மீண்டும் பொருத்தினேன். எதையும் உடைக்கவில்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன்: என் வாழ்நாளில் நான் எப்பொருளையும் உடைத்தவன் அல்லேன். தளர்த்தியிருக்கிறேன். தளர்ந்ததை எப்போது வேண்டுமானாலும் இறுக்கிக்கொள்ளலாம்.

"அண்ணா, இதுல டிரைவையே காணோம். நேத்து இருந்துச்சே" என்று வந்து நின்றாள்.

நீ எதையேனும் தொட்டாயா என்று கேட்டேன். காலையில் பெட்டியின்மேல் தூசி துடைத்தேன் என்றாள். அப்படியானால் சரி என்றேன். நான் சொன்னது அவ்வளவே. மீதியை அவளே சொல்லிக்கொண்டாள்.

பழுது பார்க்க ஒருவன் வந்தான். எங்கள் தெருமுனையில் கணினிக் கடை வைத்திருப்பவன். எந்த நோயைச் சொன்னாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா" என்பதே அவன் தரும் முதல் மருந்து. ஆகவே தெருவே அவனை ரீஸ்டார்ட் என்று அழைத்தது. அவனுடைய மாமியாரும் அப்படித்தான் அழைக்கிறார் என்று கேள்வி. நான் அவனிடம், இயங்குதளத்தால் ஒளிவட்டு இயக்கியைக் கண்டறிய இயலவில்லை என்று எடுத்துரைத்தேன். அவன் தங்கையின் பக்கம் திரும்பி, "அக்கா, சார் நியூஸ் வாசிக்கிறாரா, இல்ல கம்ப்ளெய்ன்ட் சொல்றாரா" என்று கேட்டான். அவள் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் குறித்துக்கொண்டேன்.

அவன் வழக்கம்போல் மறுபடி தொடங்கிப் பார்த்தான், பயனில்லை. பெட்டியைத் திறந்தான், வடத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான், இயக்கி தோன்றியது. திருகாணிகளை அவன் மாட்டிய அழகை நான் விவரிக்கப்போவதில்லை. நான்கும் நான்கு திசையைப் பார்த்தன.

சோதிப்பதற்காக வட்டைப் போட்டுப் பார்த்தான். ஒரு வட்டு ஓடுகிறதா என்று அறிய ஒரு நிமிடம் போதும். அவனோ முக்காலியை இழுத்துப் போட்டு, பாடம் முழுவதையும் பார்த்தான். திரையில் ஓர் அம்மையார் 'கதவு', 'சன்னல்', 'சாவி' ஆகியவற்றைக் கைகளால் காட்ட, இவனும் கையிலிருந்த திருப்புளியோடு காட்டினான். "நல்லா இருக்கே அக்கா இது. எங்க வீட்டுக்கு ரொம்பத் தேவை" என்றான்.

அதன்பின் இயக்கி அடிக்கடி காணாமற்போயிற்று.

ஒவ்வொரு முறையும் ஒரே வழியைப் பின்பற்றுவது சோம்பேறியின் செயல். இரண்டாம் முறை சாதனங்களின் பட்டியலுக்குச் சென்று, அதில் இயக்கியின் பெயருக்கு நேரே 'முடக்கு' என்பதைத் தேர்ந்தேன். ரீஸ்டார்ட் வந்து, பெயரருகே கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி இருப்பதைக் கண்டு, மீண்டும் இயக்கினான். மூன்றாம் முறை இயக்கிக்கு உரிய எழுத்தை நீக்கினேன். கணினியில் ஒவ்வோர் இயக்கிக்கும் ஓர் எழுத்து உண்டு. அது வீட்டின் கதவிலக்கம் போன்றது. வீடு நிற்கும், விளக்கு எரியும், ஆனால் இலக்கம் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? அதையும் அவன் கண்டுபிடித்தான். "இந்த மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கு அக்கா" என்றான். நான் பேய்களை நம்புவதில்லை என்று அவனிடம் விளக்கினேன்.

அவன் ஒவ்வொரு முறையும் பாடம் முழுவதையும் பார்த்துவிட்டே சென்றான். சில வாரங்களில் இருவரும் அறையின் இரு மூலைகளிலிருந்து கைகளால் பேசிக்கொள்ளத் தொடங்கினர். நான் நடுவில் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்தேன். என் தலைக்கு மேலாக வாக்கியங்கள் போய் வந்தன. என்ன பேசுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "டீக்குச் சக்கரை போதுமான்னு கேட்டேண்ணா" என்றாள். அப்படியும் இருக்கலாம்.

ஆயினும் நான் கவலைப்படவில்லை. காரணம், இயக்கியைவிட முக்கியமான ஒன்று என் எண்ணப்படி நடந்துவந்தது. ஒவ்வொரு பழுதுக்கும் முன் அவள் ஏதோ ஒன்றைத் தொட்டிருந்தாள். துடைத்திருந்தாள், நகர்த்தியிருந்தாள், வட்டை வெளியே எடுத்திருந்தாள். அவள் கை பட்ட பின்பே நான் என் வேலையைச் செய்வேன். என்மீது ஐயம் வரக்கூடாது என்பதற்காக அன்று. காரணமில்லாத பழுது மனத்தை வாட்டும். காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் அமைதி உண்டாகும். அவளுக்கு அந்த அமைதியைத் தர விரும்பினேன்.

ஒருநாள் ரீஸ்டார்ட், இவ்வளவு சிரமம் எதற்கு, கடைக்கு வாருங்கள், அங்குள்ள கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்று அழைத்தான். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். ஆனால் அவள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. என் கைக்கு ராசி கிடையாது. நான் தொட்டா எதுவும் உருப்படாது. உன் கடை மெஷினையும் கெடுத்துட்டா உன் பொழப்பு போயிடும்."

"யாருக்கா இப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

அவள் சொன்னது சரி. யாரும் சொல்லவில்லை. நான் ஒருபோதும் சொன்னதில்லை.

'சின்ன வயசுலேர்ந்து' என்று அவள் சொன்னதை விளக்க வேண்டியது என் கடமை. நீங்கள் இதைக் கேட்கவில்லை. எனினும் அரைகுறையாகச் சொல்வது எனக்கு ஒவ்வாது.

அவளுக்கு இருபத்து மூன்று வயதாயிருந்தபோது, ஒரு குடும்பத்தார் அவளைத் தம் மகனுக்குப் பேசுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. மகன் அச்சகத்தில் வேலை பார்த்தவன். நல்லவன் என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். நானும் விசாரித்தேன், நல்லவன்தான். அன்று காலை தங்கை வீடு முழுவதையும் துடைத்தாள். வாசற்கதவின் அருகிலிருந்த அழைப்பு மணியின் பொத்தானையும் ஈரத் துணியால் துடைத்தாள். பிற்பகலில் அவர்கள் வந்து பொத்தானை அழுத்தினார்கள். மணி ஒலிக்கவில்லை. கதவைத் தட்டியிருக்கிறார்கள், உள்ளே வானொலி சற்று உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. வரச்சொல்லிவிட்டுக் கதவைத் திறக்காத வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று படியிறங்கிப் போய்விட்டார்கள். தங்கை உள்ளறையில் புதுத் துணி உடுத்தி, விளக்கேற்றும் நேரம் வரை அமர்ந்திருந்தாள். மாலையில் நான் மணியைச் சோதித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கம்பி தளர்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தாயா என்று கேட்டேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அதுதான் முதல் முறை.

பின்னர் ஒரு நூலகத்தில் வேலைக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் தொலைபேசியில் அழைப்பதாகச் சொன்ன வாரம் எங்கள் தொலைபேசி ஊமையாகியிருந்தது. அவள் அதன் மேசையை நகர்த்திப் பெருக்கியிருந்தாள். அதற்குப் பின் தையல் வகுப்பு, தையற்பொறியின் மோட்டார். இவ்வாறாக ஒரு மனிதனின் சிறு கவனத்தால் ஒரு குடும்பம் சிதறாமல் காக்கப்பட்டது. கம்பியைத் தளர்த்தக் கால் நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் அவள் கைகளே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

மீண்டும் இயக்கிக்கு வருகிறேன்.

தடைகளையெல்லாம் மீறி, ஓடுகிற நாட்களில் இரவு பகலாகப் பயின்று, அவள் ஏழு வட்டுகளை முடித்துவிட்டாள். நான் அவளைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டாவது வட்டில் ஒரு கதை மட்டுமே இருந்தது. அந்தக் கதையைத்தான் தேர்வில் குழந்தைகள் முன் கைகளால் சொல்லிக் காட்ட வேண்டும். கதை தெரியாவிட்டால் தேர்வு இல்லை. தேர்வு திங்கட்கிழமை.

இந்த வாரத் தொடக்கத்தில் நான் சற்றுக் கடினமான முறையைக் கையாண்டேன். வட்டில் பதிவுசெய்ய உதவும் பழைய மென்பொருள் ஒன்றை நிறுவி, அதை அரைகுறையாக நீக்கினேன். அவ்வாறு நீக்கும்போது, கணினி தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவகத்தில் வடிகட்டிகள் எனப்படும் இரண்டு வரிகள் எஞ்சிவிடும். அவை இயக்கிக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் மாமியார் மருமகளுக்கு நடுவில் நாத்தனார் நிற்பதுபோல் நின்றுகொள்ளும். இயக்கியின் பெயருக்கருகே மஞ்சள் முக்கோணம் தோன்றும். ரீஸ்டார்ட் இயக்கியே செத்துவிட்டது என்று எண்ணிப் பெட்டியைத் திறந்து வேறோர் இயக்கியை மாட்டிப் பார்த்தான். அதற்கும் மஞ்சள் முக்கோணம். தலையைச் சொறிந்தான். தேநீர் குடித்தான். பிறகு, எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்து, அந்த இரண்டு வரிகளையும் அழித்தான். முக்கோணம் மறைந்தது. அவனை நான் மனத்துக்குள் பாராட்டினேன். என் மாலை வகுப்பு ஆசிரியருக்கே அது தெரியாது.

பெட்டியை மூடும்போது ஒரு திருகாணியின் தலை தேய்ந்து, திருப்புளி வழுக்கியது. அவன் அதைப் பாதியில் விட்டுவிட்டான். நான்கில் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை அப்படியே விட்டு ஒருவன் எழுந்து போகிறான் என்றால் அவன் வளர்ப்பு எத்தகையது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அன்று வேறு வேலை வந்ததால் எட்டாவது வட்டை அவள் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தாள். வியாழன் காலை அவள் கடைக்குச் சென்றபோது நான் இறுதி ஏற்பாட்டைச் செய்தேன். செய்தி வடத்தின் முனையிலுள்ள பொன்னிறக் கோடுகளின்மேல், நகக்கண் அளவு ஒட்டுநாடாவை வெட்டி ஒட்டினேன். கண்ணுக்குத் தெரியாத நாடா. வடம் அழுத்தமாக மாட்டியிருக்கும். எத்தனை முறை அழுத்தினாலும் பயனிராது. நான் செய்தவற்றிலெல்லாம் அதுவே சிறந்தது. பெட்டியை மூடும்போது, அந்தத் தேய்ந்த திருகாணியை என்னால் மீண்டும் பாதியில் விட இயலவில்லை. என் தகர டப்பாவில் அதே அளவில் புதிது ஒன்று இருந்தது. அதைப் போட்டேன். நான்கையும் நேராக்கினேன்.

வெள்ளிக்கிழமை இயக்கி காணவில்லை. அவள் அழவில்லை. வட்டை அதன் உறையில் வைத்து, கணினியிலிருந்து எட்டடி தள்ளிப்போய் உட்கார்ந்து, கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். அவற்றை அவள் பிடித்துவைத்திருப்பதுபோல் இருந்தது.

"விடுண்ணா. என் தலையில எழுதியிருக்கலை" என்றாள்.

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வீட்டில் ஏதோ ஒன்று தன் இடத்தில் வந்து பொருந்தியதுபோல் உணர்ந்தேன்.

ரீஸ்டார்ட்டை அவள் அழைக்கவில்லை. அவனாகவே இன்று பிற்பகல், தூறல் நின்றதும், கையில் புதிய வடத்துடன் வந்துவிட்டான். தேர்வு நெருங்குவது அவனுக்குத் தெரியும். கதை என்னவென்று அறிய அவனுக்கும் ஆவலாம். "ஏழு பாடம் படிச்சவன் எட்டாவதுல ஃபெயிலாக முடியாது சார்" என்றான். அவன் மறுபடி தொடங்கிப் பார்க்கவில்லை. அதிலேயே நான் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும். நேரே பெட்டியின் பின்பக்கம் சென்று, தரையில் மண்டியிட்டு, திருப்புளியை எடுத்தான்.

பிறகு அதைக் கீழே வைத்தான்.

நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். பின்னர் எழுந்து, சுவரிலிருந்த மின்விசைப் பலகையைப் பார்த்தான். கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தான். சட்டமிட்டு மாட்டியிருந்த என் சான்றிதழின் நான்கு மூலைகளையும் பார்த்தான். என் பணியை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் வேறொருவர் இலர். எனக்குச் சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

அதன்பின் அவன் தங்கையை நோக்கிக் கைகளால் பேசினான். இரண்டு விரல்களைக் குறுக்கே வைத்துக் காட்டினான். அதை நேராக நிறுத்தினான், சாய்த்தான், மறுபடி நிறுத்தினான். நான்கு என்று காட்டினான். ஒன்றைப் பாதியில் நிறுத்துவதுபோல் காட்டித் தலையசைத்தான். தன்னைச் சுட்டி 'இல்லை' என்றான். அந்த ஒரு சைகை எனக்கும் தெரியும். அவள் எழுந்தாள். பலகையைப் பார்த்தாள். அவளும் கைகளால் ஏதோ கேட்டாள். அவன் விடை சொன்னான். மீண்டும் அவள் கேட்டாள்.

நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பழைய பாடத்தை ஒத்திகை பார்க்கிறார்கள் என்று எண்ணினேன். குற்றச்சாட்டு, சாட்சி, விசாரணை, தீர்ப்பு அனைத்தும் என் கண்ணெதிரே, என் நாற்காலிக்கு இருபுறமும் நடந்து முடிந்தன. எனக்கு மட்டும் அது தெரியவில்லை.

ரீஸ்டார்ட் திருகாணிகளைக் கழற்றி, வடத்தை உருவி, அதன் முனையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். நகத்தால் சுரண்டினான். நாடா அவன் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை என் செய்தித்தாளின்மேல், நான் படித்துக்கொண்டிருந்த பத்தியின்மேல் ஒட்டினான்.

"சார், நான் ஒரு ஸ்க்ரூவைப் பாதியில விட்டுட்டுப் போனேன். பேய் வந்தா டேப் ஒட்டும், ஒத்துக்கறேன். புது ஸ்க்ரூ வாங்கிப் போட்டு, நேரா நிறுத்திட்டுப் போற பேயை நான் பார்த்ததில்லை."

அவன் குரலில் கோபமே இல்லை. கேலிகூட அன்பாகத்தான் இருந்தது. தொழில் தெரிந்தவர்கள் ஒருவரோடொருவர் அவ்வாறு பேசிக்கொள்வதுண்டு.

தங்கை என் அருகில் வந்து நின்றாள். ஏன் செய்தாய் என்று கேட்பாள் என எதிர்பார்த்து, விடையைச் சொல்முறை பிழையாமல் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அண்ணா, அந்த மணி?"

எந்த மணி என்று நான் கேட்கவில்லை. இருபத்தோர் ஆண்டுகளாக எங்களுக்குள் ஒரே மணிதான்.

"ஒரு கம்பி தளர்ந்திருந்தது" என்றேன்.

"தானாத் தளர்ந்துச்சா?"

நான் பொய் சொல்பவன் அல்லேன். அதுவரை யாரும் என்னிடம் அக்கேள்வியை நேரே கேட்கவில்லை. ஆகவே நான் பொய் சொல்ல நேர்ந்ததும் இல்லை. இல்லை என்றேன். தொலைபேசி என்றாள். அதுவும் என்றேன். தையல் மிஷின் என்றாள். ஆம் என்றேன். மூன்றுக்கும் ஒரே குரலில் விடையளித்தேன். எதையும் உடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் தன் இரு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம். கடையில் வாங்கிய பொருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவற்றால் என்னிடம் ஏதோ சொன்னாள். சிறியதுதான், இரண்டு மூன்று அசைவுகள். என்னிடம் அவள் கைகளால் பேசியது அதுவே முதல் முறை.

என்ன சொல்கிறாள் என்று ரீஸ்டார்ட்டைக் கேட்டேன்.

"அதை நான் சொல்லக் கூடாது சார். ரெண்டாவது டிஸ்க்ல இருக்கு. போட்டுப் பாருங்க."

அவள் உள்ளே சென்று பையில் துணிகளை அடுக்கினாள். அவன் புதிய வடத்தை மாட்டினான். இயக்கி கண்டறியப்பட்டதற்கு அறிகுறியான சிறு ஒலி கேட்டது. ஆனால் அவள் எட்டாவது வட்டை இங்கே பார்க்க விரும்பவில்லை. அவன் கடையில் இரண்டு நாள் அமர்ந்து பார்த்துப் பயில்வதாகவும், அவன் வீட்டில் தங்கி அங்கிருந்தே தேர்வுக்குச் செல்வதாகவும் அவர்கள் பேசிக்கொண்டார்கள். இதை வாயால் பேசினார்கள், எனக்கும் கேட்கட்டும் என்று. அவன் மாமியாரைப் பற்றி எச்சரித்தான். அப்படிப்பட்டவர்களோடு பழகிய ஆள்தான் நான் என்றாள் அவள். இருவரும் மெல்லச் சிரித்தார்கள்.

புறப்படும்போது அவன் பெட்டியை மூடினான். "நாலையும் வேணும்னே கோணலா விட்டுருக்கேன் சார். பொழுது போகும் உங்களுக்கு" என்றான்.

அவள் இரண்டாவது வட்டை மேசைமேல் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் விடை இது: ஆம், நான்தான் செய்தேன். அனைத்தையும் நான்தான் செய்தேன். அவளைப் பார்த்துக்கொள்வதற்காகச் செய்தேன். அவள் திரும்பி வருவாள். அங்கும் பொருள்கள் பழுதாகாமலா இருக்கும்? பழுதானால் யாரை அழைப்பாள்? அந்த வட்டு மேசைமேல்தான் இருக்கிறது. நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. இயக்கி ஒருமுறை ஒலித்தது என்பதனாலேயே அதை முழுமையாக நம்பிவிட முடியாது. அதற்குப் பழைய வரலாறு உண்டு.

கதவு சாத்தியதும் நான் தகர டப்பாவையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்னால் அமர்ந்தேன். மூன்று திருகாணிகளை நேராக்கியிருப்பேன். வாசலில் அழைப்பு மணி ஒலித்தது. ஒரே முறை, நீளமாக, தெளிவாக, எந்தத் தடங்கலும் இல்லாமல். நான்காவதையும் நேராக்கிவிட்டே எழுந்தேன். கதவைத் திறந்தால் ஒருவரும் இல்லை. படிக்கட்டு காலியாக இருந்தது. பொத்தானின்மேல் ஈர விரலின் தடம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

ஆளில்லாமல் ஒலிப்பதென்றால் மணியில் ஏதோ கோளாறு. போகும்போது அவள் கை பட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன்: மாலை நான்கு மணி பதினேழு நிமிடம்.